நான் கழுவி வைத்த பிரேக் ரப்பர்

மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது? ரேஷன் கடை வாசலில் தகர டின்னோடு நின்று கால் கடுத்த நம் வயதுக்காரர்களுக்குத்தான் அந்த வாசனை சொன்னால் புரியும். கையில் பட்டால் சோப்புக்கும் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோற்றில் ஏறிக்கொள்ளும். எனக்கு ஒரு கோடை முழுவதும் அந்த வாசனைதான்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எழுதலாம் என்று தள்ளித் தள்ளி வைத்தேன். அந்த அப்புறம் வருவதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்துவிட்டது. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா அதுவரை அடுத்தவர் லாரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். போடியிலிருந்து மலைக்கு, ஏலத்தோட்டங்களுக்கு, ஆட்டுப்புழுக்கையும் வேப்பம்புண்ணாக்கும் ஏற்றிப் போவார். இறங்கும்போது விறகோ மிளகோ எது அகப்படுகிறதோ அது. எந்த முதலாளியின் வண்டியானாலும் ஸ்டீயரிங்கை அடுத்த ஆளிடம் கொடுக்க மாட்டார். கிளீனர் ஓட்டிப் பழகுகிறேன் என்று கேட்டால், "ஓட்டு, நான் எறங்கிக்கிறேன்" என்பார்.

ராசிங்காபுரத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் பழைய லாரி ஒன்று ஓடாமல் கிடந்தது. அதை அப்பா பேசி முடித்து, ஒரு டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வீட்டை ஒட்டிய காலி மனையில் அது வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. கண்ணாடி இல்லை. ஒரு பக்கக் கதவு இல்லை. டிரைவர் சீட்டு இருந்த இடத்தில் கோழி அடைகாத்த வைக்கோல் இருந்தது, வைக்கோலில் ஒரு கூமுட்டையும் இருந்தது. ஆரத்தித் தட்டோடு காத்திருந்த அம்மா, "இதுக்கா?" என்று கேட்டுவிட்டு, தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மாமா மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மாவுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். பெற்றவர்கள் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். ஜீப்பு ரிப்பேரில் அவர் கைக்குப் போடியில் பேர் இருந்தது.

"என்ன மாப்ளே, தேறுமா?" என்றார் அப்பா.

"கோழி வளக்கிறதுன்னா இன்னைக்கே ரெடி மச்சான். லாரியா ஆக்கணும்னா ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசத்துல மலையேறிருமா?"

"ஏறிரும். எறங்குறதுக்குத்தான் பாத்துச் செய்யணும்."

அந்தக் கடைசி வார்த்தை என்னை விடவில்லை. போடிமெட்டு ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வளைவுக்கு வளைவு, கீழே நாம் வந்த ரோடே நூல் மாதிரி தெரியும். அன்றிலிருந்து தினமும் நான் மாமாவிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். "பிரேக்கு பிடிக்குமா மாமா?"

"பிடிக்கும் தாயி. உன் வாயிக்கு ஒரு பிரேக்கு இருக்கான்னுதான் தேடிக்கிட்டு இருக்கேன்."

முழுப்பரீட்சை லீவு. எனக்குச் சாமான் கழுவுகிற வேலை. மாமா கழற்றுகிற ஒவ்வொரு இரும்பும் என்னிடம் வரும். அரை டின் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தென்னந்தும்பால் தேய்த்து, கிரீசும் மண்ணும் போக வெள்ளி மாதிரி எடுத்து சாக்கில் பரப்புவேன். எந்த நட்டு எங்கே இருந்தது என்பது மறந்துவிட்டால்? ஒவ்வொன்றையும் தனித்தனித் தீப்பெட்டியில் போட்டு, மேலே பென்சிலால் எழுதி வைத்தேன். முப்பது நாற்பது தீப்பெட்டி சேர்ந்துவிட்டது. மாமாவுக்கு அதில் பெருமை. "எந்த ஒர்க்ஷாப்பிலயும் இப்படி ஒரு ஆளு கெடையாது" என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

அம்மாவும் மெல்ல மெல்ல மனசு மாறினாள். சீட்டுக்கு இலவம்பஞ்சு அடைக்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். நம் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கொட்டை எடுத்து, தட்டித் தட்டி அடைத்தாள். காற்றில் பறந்த பஞ்சு ஒட்டடை மாதிரி லாரி முழுக்க ஒட்டிக்கொண்டது. அடைத்த வேகத்தில் சீட்டு என்ன உயரம் என்று பார்க்கவில்லை. அப்பா ஏறி உட்கார்ந்ததும் தலை கூரையில் இடித்தது. "என்னடி, கல்யாண மாப்பிள்ளைக்கு மெத்தை தைக்கிற மாதிரி தச்சிருக்க" என்றார். மாமா கீழே படுத்தபடியே சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் நழுவி அவர் நெஞ்சிலேயே விழுந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. "லாரி ஒரு லோடு அடிக்கட்டும். அப்புறம் போகலாம்" என்றார் அப்பா. நானும் சரி என்றேன். நான் போய்விட்டால் யார் கழுவுவது, வேறு யாராவது தீப்பெட்டியை மாற்றி வைத்துவிட்டால் என்ன ஆவது என்றுதான் எனக்குக் கவலை. ஒரு லோடு பத்து லோடானது. நான் போகவேயில்லை. என்னை நிறுத்துகிறோம் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. நின்றுவிட்டேன் என்று எனக்கும் தெரியவில்லை.

கடைசியில் பிரேக்கு வேலை. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும். அதற்குள் கிண்ணம் மாதிரி கறுப்பு ரப்பர் இருக்கும். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் வந்து அந்த ரப்பரைத் தள்ளும், அது கட்டையைத் தள்ளும், சக்கரம் நிற்கும். மாமா எனக்கு இப்படித்தான் சொல்லித் தந்தார். பழைய ரப்பரெல்லாம் இற்றுப் போயிருந்தது. தேனிக்குப் போய்ப் புது ரப்பர் வாங்கி வந்து, சாக்கின் மேல் ஒரு துண்டை விரித்து, வரிசையாக வைத்தார்.

"ஒரு மண்ணு இதுல ஒட்டக் கூடாது தாயி. ஒரு மண்ணு உள்ள போனாலும் பிரேக்கு போச்சு. பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட்டதும் அப்பாவும் அவரும் பின்பக்கப் பலகைக்கு மரம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

ஆனி மாதக் காற்று நமக்குத் தெரியாததா? மலையிலிருந்து இறங்கி, காலி மனையில் இருந்த மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு ஒரு சுழற்று சுழற்றியது. துண்டு மடங்கி, ரப்பரெல்லாம் புழுதியில் உருண்டது. ஒரு மண் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இங்கே ஊர் மண்ணே ஒட்டிக் கிடக்கிறது. போடிமெட்டு வளைவில் அப்பா பிரேக்கை மிதிக்கிற மாதிரியும், லாரி நிற்காமல் போகிற மாதிரியும் கண்ணில் வந்தது. இரண்டு மாதமாக நான் செய்த வேலையைத்தான் அப்போதும் செய்தேன். எல்லா ரப்பரையும் பொறுக்கி மண்ணெண்ணெய் டின்னில் போட்டேன். நன்றாக ஊறட்டும், ஒரு தூசி கூட இருக்கக் கூடாது என்று, அவர்கள் வருகிற சத்தம் கேட்கிற வரை, பொழுது சாயும் வரை விட்டு வைத்தேன். பிறகு துடைத்து, அதே துண்டில், அதே வரிசையில் வைத்தேன்.

மாமா மாட்டினார். "புது ரப்பரு, இறுக்கமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முந்தல் வரைக்கும் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. மலை ஏறத் தொடங்குகிற இடம் அது. அப்பா ஸ்டீயரிங்கில், மாமா அந்தப் பக்கம், நான் நடுவில். அம்மா வாசலில் நின்று, இந்தத் தடவை ஆரத்தித் தட்டை வெளியே கொண்டுவந்து சுற்றினாள்.

ஊரைத் தாண்டும்போதே அப்பா முகம் மாறியது. "வண்டி இழுக்க மாட்டேங்குதே மாப்ளே. யாரோ பின்னாலருந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு."

"நிறுத்துங்க மச்சான், பாப்போம்."

"முந்தல் வந்துருச்சு, அங்க போயி பாப்போம்."

அங்கே போவதற்குள் கருகல் வாசனை வந்துவிட்டது. நிறுத்தி இறங்கினால், சக்கரங்களிலிருந்து புகை. பிரேக்கு பிடித்தது பிடித்தபடியே இருந்திருக்கிறது, விடவில்லை. மலைக்குப் போகிற ஜீப்புகள் நின்று, தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "ஏ, தீப்பிடிக்குது!" என்று யாரோ கத்தினார்கள். அப்பா ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர் டின்னை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"மச்சான், ஊத்தாதீக! ஊத்தாதீக!" என்று மாமா அந்தப் பக்கத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

அதற்குள் ஊற்றிவிட்டார். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர். 'டங்'கென்று ஒரு சத்தம். சக்கரத்தின் இரும்புக் கூடு, டிரம் என்பார்கள், அது விரிசல் விட்டுவிட்டது.

அப்பா அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாமாவைப் பார்த்தார். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சின்னதுலருந்து சோறு போட்டு வளத்ததுக்கு நல்லாச் செஞ்சுட்டடா."

மாமா கையில் இருந்த ஸ்பேனரை மட்காட்டின் மேல் சத்தமில்லாமல் வைத்தார். கையைக் கைலியில் துடைத்தார். நின்றிருந்த ஜீப்பு ஒன்று புறப்பட்டது. அதன் பின்னால், பெண்களின் தூக்குச்சட்டிகளுக்கு மேலே கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு மலையேறிவிட்டார். முதல் வளைவில் ஜீப்பு திரும்பும் வரை அவர் முதுகு தெரிந்தது.

வீட்டில் அம்மா ஒரு கேள்விதான் கேட்டாள். "என்ன சொல்லித் தொலைச்சீக அவன?" அப்பா சொல்லவில்லை. நான் சொன்னேன். அம்மா அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

அடுத்த நாள் வேறொரு மெக்கானிக்கை அப்பா கூட்டி வந்தார். சக்கரத்தைக் கழற்றி, ரப்பரை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார் அவர். "பாருங்கண்ணே, எப்படி ஊதிக் கெடக்குன்னு. உள்ள போயி செருகிக்கிட்டு திரும்பி வரல. டூப்ளிகேட்டு சரக்கு."

"அதக்கூடப் பாக்காம வாங்கிட்டு வந்திருக்கான்" என்றார் அப்பா.

நான் அந்த ரப்பரைப் பார்த்தேன். பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். என் கை வாசனை அதில் இருந்தது. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. அன்று முழுவதும் திறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம்தான், அப்பாவும் அம்மாவும் இருக்கும்போது, அழுதுகொண்டே சொன்னேன். "மாமா மேல தப்பில்லப்பா. நான்தான் ரப்பர மண்ணெண்ணெயில போட்டேன்."

அடி விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவோ என் தலையைத் தடவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"பாத்தியா, மாமன் மேல இருக்கிற உசுருல பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறா."

"இல்லப்பா, நெசமா..."

"மண்ணெண்ணெயில போட்டா அழுக்குத்தான் போகும். ரப்பரு எப்படி ஊதும்? நம்ம பம்பு ஸ்டவ்வுல வாசரு வருசம் பூரா மண்ணெண்ணெயிலதான கெடக்கு? அது ஊதியா போச்சு? போ, போய் மூஞ்சியக் கழுவு."

யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொல்வதற்கே இரண்டு நாள் ஆனது. சொன்னால், நல்ல பிள்ளை என்று தடவிக் கொடுக்கிறார்கள். திட்டியிருந்தால் கூட அத்தனை அழுதிருக்க மாட்டேன்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளும் நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். மறுநாள் மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா தட்டை வைத்தாள். தட்டில் சோறு இல்லை. இரண்டு கறுப்பு ரப்பர் இருந்தது.

"என்னது இது?"

அம்மா மூன்று நாள் கழித்துப் பேசினாள். "தம்பி பொட்டியில மிச்சம் ரெண்டு புது ரப்பரு இருந்துச்சு. ரெண்டும் ஒரே அளவு. ஒண்ண நேத்து மண்ணெண்ணெயில போட்டேன். இன்னொண்ண வெறுமனே வச்சேன். எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

அப்பா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாற்றி வைத்துப் பார்த்தார்.

"ஸ்டவ்வு வாசரு..." என்று இழுத்தார்.

"அது தோலு. உங்களுக்கு ஸ்டவ்வப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் அம்மா. "சரக்கும் நல்ல சரக்கு. என் தம்பியும் நல்லவன். இந்தப் புள்ள சொன்னதும் நெசம். இப்பச் சோறு போடவா, வேணாமா?"

அப்பா அன்று சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை ஜீப்பில் இடம் பிடித்து என்னையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். போடிமெட்டில் விசாரித்து, அதைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்து ஜீப் ஷெட்டில் மாமாவைக் கண்டுபிடித்தோம். பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தவர் எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனார்.

"அக்காவுக்கு என்ன?"

"அக்கா நல்லாத்தான் இருக்கா" என்றார் அப்பா. பிறகு என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். "இவ என்னமோ சொல்லணுங்கிறா."

பெரியவர்கள் தாங்கள் சொல்ல வேண்டியதைப் பிள்ளை தலையில் வைத்து அனுப்புவார்கள் இல்லையா, அதுதான். நான் சொன்னேன். காற்று அடித்ததிலிருந்து சொன்னேன். மாமா குந்தி உட்கார்ந்து கேட்டார்.

"எம்புட்டு நேரம் ஊறுச்சு?"

"பொழுது சாயற வரைக்கும்."

மாமா சொன்னார்: "மாட்டயிலயே இறுக்கமாத்தான் இருந்துச்சு. வாசனகூட வந்துச்சு. உன் கையில எப்பவும் இருக்கிற வாசனதானேன்னு விட்டுட்டேன். ரப்பர அதுல போடக் கூடாதுன்னு நான் உனக்குச் சொல்லவே இல்லையே தாயி. மண்ணு கூடாதுன்னுதான சொன்னேன்."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "தண்ணி ஊத்துனது நான்தான்" என்றார். அதற்குப் பிறகு இன்னும் மெதுவாக, "அந்தப் பேச்சு வாயில வந்துருச்சு மாப்ளே" என்றார்.

மாமா எழுந்தார். "குளுருது, டீ குடிங்க மச்சான்" என்று உள்ளே போனார்.

டீ குடித்து முடித்ததும் அப்பா, "கெளம்புவமா?" என்றார். மாமா தலையை ஆட்டினார். "சீசன் முடியற வரைக்கும் இருக்கேன்னு முதலாளிகிட்ட நேத்துத்தான் வாக்குக் குடுத்தேன். மீற முடியாது."

நேற்று! ஒரே ஒரு நாள் முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால்! அந்த 'நேற்று' எத்தனை வருஷம் என்னை அரித்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகு, ஒரு நாள் மாமாவிடம் அதைச் சொல்லி அழுதேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாக்காவது ஒண்ணாவது. கூப்பிட்டதும் பின்னாலயே வந்துட்டா நான் எளப்பமாப் போயிருவேன்ல? அதுக்குச் சொன்னது. உங்கப்பன் காதுல விழணும்னு சொன்னத நீ ஏன் மனசுல போட்டுக்கிட்ட?" என்றார்.

கிளம்பும்போது மாமா வேலை முழுவதையும் அப்பாவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ரப்பரைத் தொட வேண்டும். பிரேக் ஆயிலில் நனைத்துக் கொடுக்க வேண்டும், வேறு எதிலும் படக் கூடாது. எல்லாம் மாட்டியபின் குழாயில் இருக்கிற காற்று போகும்வரை ஓர் ஆள் பெடலை மிதிக்க, ஓர் ஆள் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். "மிதிக்கிறது இவ. கீழ படுக்கிறது நீங்க மச்சான்" என்றார். லாரிப் பக்கமே இனி போகாதே என்று ஜீப்பில் ஏறுமுன் என்னிடம் சொல்லியிருந்த அப்பா, "சரி" என்றார்.

டிரம்மு ஒன்றைத் தேடிப் பிடித்து, புது ரப்பரும் வாங்கி, மாமா சொன்னபடியே மாட்டினோம். பத்து நாளில் முதல் லோடு, ஆட்டுப்புழுக்கை. அப்பா விடியுமுன்னே ஏற்றத் தொடங்கியிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் பார்க்க, நான் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். லோடை இறக்கிவிட்டு, மாமா வேலை செய்கிற ஷெட்டுக்கு முன்னால் அப்பா லாரியை நிறுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை. என்ஜினை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தார்.

மாமா வெளியே வந்தார். எங்களிடம் பேசவில்லை. நேராகச் சக்கரத்துக்குப் போய், புறங்கையை டிரம்மின் மேல் வைத்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அடுத்தது. அதற்கடுத்தது. நாலையும் பார்த்துவிட்டு அப்பா பக்கத்துக் கதவுக்கு வந்தார்.

"சூடு இல்ல மச்சான்."

"ஏத்தத்துல என்ன தெரியும். எறக்கத்துலதான் தெரியும்" என்றார் அப்பா. "ஏறு. முந்தல் வரைக்கும் வந்துட்டு ஜீப்புல திரும்பிக்க."

மாமா முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்து, அந்தப் பக்கக் கதவைத் திறக்கப் போனார். அப்பா, "இந்தப் பக்கம் வா" என்றார். சொல்லிக்கொண்டே நகர்ந்து, என்னையும் நடுவுக்குத் தள்ளி, அந்தக் கடைசிக்குப் போய் உட்கார்ந்தார். ஸ்டீயரிங் காலியாக இருந்தது.

மாமா கையைக் கைலியில் துடைத்தார். பிறகு ஏறினார்.

இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் என் தோளில் ஏதோ பாரமாக விழுந்தது. திரும்பினால், அப்பா. வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் கண்ணை இமைக்காத மனுஷன், போடிமெட்டு இறக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாமாவும் பார்த்தார். "அசையாத தாயி. தூங்கட்டும்" என்றார்.

நான் அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் மாமாவின் கால் பிரேக்கில் இறங்கும்போது, என் காலும் அடியில் இருந்த வெறும் தகரத்தை அமுக்கிக்கொண்டேதான் வந்தது, முந்தல் வரைக்கும்.